குக்கர் வெயிட்

மார்ச் 3, திங்கள்

கேன்டீனில் பாய்லரைப் பிரித்து மாட்டப் போகிறார்கள். அடுத்த வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு சமையல் கிடையாது என்று மேலாளர் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். தொழிற்சாலை முழுக்கச் சோறு போடுகிற கை இது. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் இதே கைதான். சாயங்காலம் இவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "எங்கயாவது போலாங்க. எங்க வேணா இருக்கட்டும். ஆனா நான் அடுப்புப் பக்கம் போக மாட்டேன்." தலையாட்டினார்.

மார்ச் 9, ஞாயிறு

கடலோரத்தில் அறை பிடித்துவிட்டாராம். சீசன் இல்லாத நேரம், வாடகை குறைவு. ரயில் கட்டுப்படியாகாது, பஸ்தான். ஓட்டலில் சாப்பிடவும் காசு பத்தாது என்றார். யாருக்கு வேண்டும் ஓட்டல்? ரொட்டியும் பழமும் போதும். நான் கிண்டாத எதுவும் எனக்கு விருந்துதான்.

மார்ச் 14, வெள்ளி

கோபத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

அறைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அடுப்பு. இரண்டு பர்னர், பளபளவென்று. பெரிய பையைப் பிரித்தால் உள்ளே என் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் படுக்கவைத்த மாதிரி — எங்கள் வீட்டுக் குக்கர்! கூடவே அரிசி, பருப்பு, உப்பு டப்பா.

"சமையல் ரூமோட இருக்கறதுதான் சல்லிசா கெடச்சுது. நீ சும்மா ஒரு சாதம் வெச்சாப் போதும்," என்கிறார். சும்மாவாம்! இவர் ஒயரிங் வேலைக்குப் போகிறாரே, லீவு நாளில் போகிற இடத்திலெல்லாம் சும்மா ஒரு ஃபேன் மாட்டச் சொன்னால் மாட்டுவாரா?

அதோடு முடிந்ததா? சாயங்காலம் அவருடைய அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் வந்து இறங்கினார்கள். வாடகையைப் பங்கு போட ஏற்பாடாம். என் காதில் ஒரு வார்த்தை போடவில்லை. "உன் கைப்பக்குவத்துல சாப்ட்டு எவ்ளோ நாளாச்சு!" என்று செருப்பைக் கழற்றும்போதே சொல்கிறார் மகராசி. அக்கா வீட்டுக்காரர் பேப்பரை விரித்தார். அதற்குப் பிறகு அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

சமைத்தேன். சமைத்துத் தொலைத்தேன். ஏன் செய்தேன்? எனக்கு வாய் இல்லையா? ஜன்னலுக்கு வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. குக்கர் விசிலில் அதுவும் சரியாகக் கேட்கவில்லை.

மார்ச் 15, சனி

எழுந்ததும் எழாததுமாக அக்கா சொல்கிறார்: "மத்தியானத்துக்குக் கொஞ்சம் வகையா ஏதாச்சும் பண்ணேன்." இவர் பல் தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

குக்கரைக் கழுவிக் கவிழ்த்தேன். மூடி மேல் வைக்கிற வெயிட்டை மட்டும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வெயிட் இல்லாவிட்டாலும் அரிசி வேகும், கூடுதலாகத் தண்ணீர் ஊற்றித் திறந்தே வைத்தால் போதும். அது அங்கே ஒருவருக்கும் தெரியாது; அக்காவுக்கும் குக்கரில் வைத்துத்தான் பழக்கம். அந்தத் தைரியத்தில்தான் போனேன்.

கடலைப் பார்த்தால் மனசு அடங்கும் என்பார்களே, எனக்கு அடங்கவில்லை. முழங்கால்வரை நனைந்து நின்று, வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினேன். பிறகு ஒரு பன் வாங்கினேன். "தனியாவா வந்திருக்கீங்க?" என்று கடைக்காரம்மா கேட்டார். "ஆமா," என்றேன். பன்னில் மணல். ஒரு துணுக்கு விடாமல் தின்றேன்.

இருட்டுவதற்குள் திரும்பினேன். அக்கா கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். வழிக்கு வாங்கின பிஸ்கட் எல்லாம் காலி. "எங்க போய்ட்ட? வெயிட் எங்க?" என்று பாய்ந்தார் இவர். "எனக்கென்ன தெரியும்?" என்றேன். அக்கா வீட்டுக்காரர் முதல்முறையாகப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நான் போயி ரொட்டி வாங்கிட்டு வரேன்," என்று எழுந்தார்.

மார்ச் 16, ஞாயிறு

"இங்க வசதி பத்தல," என்று சொல்லிவிட்டு அக்கா காலையிலேயே கிளம்பிவிட்டார்.

எங்களுக்கு மதிய பஸ். கண்டக்டர் முன்பதிவு டிக்கெட்டைக் கேட்டபோது, நான் தடுப்பதற்குள் இவர் என் கைப்பையைத் திறந்துவிட்டார். டிக்கெட்டுக்கு மேலேயே கிடந்தது வெயிட். பார்த்தார். நானும் வரட்டும் என்று நாக்கைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிக்கெட்டை எடுத்துக்கொண்டு ஜிப்பை மூடினார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வருது எனக்கு. திட்டியிருந்தா நானும் நல்லா கேட்டிருப்பேன்ல?

மார்ச் 17, திங்கள்

கேன்டீன். பாய்லருக்காவது நல்ல ஓய்வு கிடைத்திருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

வெயிட்டை நான் திருப்பி வைக்கவில்லை. வாரம் முழுக்கப் பானையில்தான் சாதம் வைத்தேன். குக்கர் என்னாச்சு என்று இவரும் கேட்கவில்லை. போட்டதைத் தின்றுவிட்டு எழுந்து போனார்.

இன்று காலையில் எழுந்திருக்கப் பிடிக்காமல் படுத்திருந்தேன். கட்டில் பக்கம் வந்து நின்று கையை நீட்டினார். "அந்த வெயிட்டக் குடு. இன்னிக்கு நான் வெக்கறேன்."

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை. எனக்கும் கோபம் போய்விடவில்லை. கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஏம்மா, எத்தன விசில் விடணும்?"

"தெரியாதுங்க. நான் லீவுல இருக்கேன்," என்றேன்.