நீ வைத்த பேர்

மாப்ளே, நேற்று டீக்கடையில் உன் மகன் ஆட்காட்டி விரலைத் தூக்கிக் காட்டி, "என்ன விரல் மாமா, சௌக்கியமா இருக்கீகளா?" என்றான். அச்சு அசல் நீ. அலுமினியப் பொடி ஒட்டிய அதே விரல், அதே இளிப்பு. பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அந்தப் பேரை எனக்கு வைத்தவன் நீ. மூத்திரம் சொட்டுச் சொட்டாகப் போகிறது என்று விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த கதையை, நண்பன்தானே என்று நம்பி பஸ்ஸில் உன்னிடம் சொன்னேன். இடப்பக்கம் படுத்து முழங்காலை நெஞ்சோடு மடக்கச் சொன்னதையும், டாக்டர் உறை மாட்டிய விரலை ஆசனவாய்க்குள் விட்டுப் பார்த்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். முன்பக்கம் தட்டுப்படும் புரோஸ்டேட் சுரப்பி மூக்கு நுனி மாதிரி மெத்தென்று இருந்தால் பயமில்லை, நெற்றி மாதிரி கெட்டியாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும் என்றார். என் சுரப்பி கொஞ்சம் வீங்கியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் பின்பக்கம் மலக்குடல் சுவரில் ஒரு சின்னச் சதை அவர் விரலில் தட்டியது. விட்டால் புற்றாகிவிடும் என்று அதை எடுத்துப்போட்டார்கள், பிழைத்தேன்.

நீ அதில் விரலை மட்டும் எடுத்துக்கொண்டாய். மறுநாள் டீ நேரத்துக்குள் நம் பட்டாசுக் கம்பெனி முழுக்கப் பரப்பிவிட்டாய். என் மகள் கல்யாணப் பந்தியில் சம்பந்தி பக்கத்தில் நான் நிற்கும்போதுகூட அந்த விரலைத் தூக்கினாய். அதை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனாய் என்பதற்காக இப்போது மன்னிக்கப்போவதும் இல்லை.

பிறகு உனக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் போனது. நம்மூரில் பட்டாசு மருந்தோடு கிடப்பவனுக்கு எது வந்தாலும் மருந்துச் சூடுதான். நீயும் மோர் குடித்தாய், மூலத்துக்கு நல்லது என்று துத்திக்கீரையை வதக்கித் தின்றாய். சாக்கை மடித்துப் போட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்து புஸ்வாணம் அடைத்தாய். ஒருநாள் ஷெட்டுக்குப் பின்னால் கூப்பிட்டு, "மாப்ளே, அது வலிக்குமா?" என்று கேட்டாய். வலிக்காது, கூச்சம்தான், ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்றேன்.

மறுநாளே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வரிசையில் நம் கம்பெனிப் பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். பார்த்ததும் என் கையை உதறினாய்.

"ஏலே, நாளைக்கு எனக்கும் ஒரு பேரு வச்சிருவாங்க."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாய். ஊரில் பேர் வைக்கிற ஆள் நீ ஒருத்தன்தான் என்பது உனக்கே மறந்துபோயிற்று.

தீபாவளி சீசன் முடியும்போது உனக்குக் குடல் அடைத்துக்கொண்டது. வயிற்றில் ஓட்டை போட்டு மலம் இறங்கப் பை மாட்டினார்கள். ஏன் இத்தனை நாள் காட்டவில்லை என்று கேட்ட டாக்டரிடம் உன் பெண்டாட்டி, "மூலம்னு நெனைச்சோம் சார்" என்றது. புற்றுக்கட்டி விரலுக்கு எட்டுகிற தூரத்தில்தானம்மா இருந்திருக்கிறது என்றார் அவர். நீ கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாய். உன் காதில் விழட்டும் என்றுதான் நினைத்தேன்.

நேற்று டீ குடித்துவிட்டு ஷெட்டுக்குள் போனோம். உன் இடத்தில்தான் இப்போது உன் மகன் வேலை பார்க்கிறான். சாக்கை நாலாக மடித்துப் போட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தான். ரத்தம் போகிறதா என்று காதோரம் கேட்டேன்.

"சூடு மாமா. சீசன்ல எல்லாருக்கும் இருக்கதுதான."

ஆஸ்பத்திரிக்கு வாலே என்றேன். பதிலுக்கு விரலைத் தூக்கினான். அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன். நுனியிலிருந்து இரண்டாவது கணுவரைக்கும் தொட்டுக் காட்டினேன்.

"ஒங்கப்பனுக்கு இம்புட்டுத் தூரத்துலதான் இருந்துச்சு."

சிரிப்பு நின்றது. விரலை உருவிக்கொண்டான். திரும்பிக்கொண்டு புஸ்வாணம் அடைக்க ஆரம்பித்தான், சாய்ந்தபடியேதான்.

நாளைக்கும் அவன் விரல் மாமா என்று கூப்பிடுவான். கூப்பிடட்டும். நீ வைத்த பேருக்குத் திரும்பிப் பார்க்க நான் உயிரோடு இருக்கிறேன். அவன் விரலைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் பிடித்து, நீ எந்த இடத்தில் செத்தாய் என்று காட்டுவேன்.