தாய்மாமன் தட்டிய டேங்க்

செங்காங்,
4 மார்ச் 2025

ஹைட்ரஜன் உலகின் பேரரசியும் என் ஒரே அக்காவின் ஒரே மகளுமாகிய யாமினிக்கு, பதினோராம் மாடியிலிருந்து செங்காங்கை ஆண்டுவரும் தாய்மாமன் வெங்கட் கண்ணீர் மல்க எழுதிக்கொண்டது.

உன்னோடு இனிப் பேசுவதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறேன். எழுதக்கூடாது என்று சபதத்தில் இல்லை. வாட்ஸப்பில் அனுப்பினால் பேசின மாதிரி ஆகிவிடும். தபால்தலை ஒட்டினால் கோபத்துக்கும் ஒரு கௌரவம் இருக்கிறது.

ஞாயிறு காலை தேக்கா மார்க்கெட்டில் மீன் கடை முன்னால் நின்றிருந்தேன். முதுகுக்குப் பின்னால் உன் குரல். "மாமா, அந்த வஞ்சிரம் வேணாம்லா, கண்ணு மங்கிப்போச்சு." நான் உச்சி குளிர்ந்து, "சரிம்மா, வேற எடுக்கிறேன்" என்று திரும்பினால், நீ பேசியது என்னிடம் இல்லை. நரைத்த தாடியோடு உன் பக்கத்தில் நின்றவரிடம். உன் பட்டறையில் ஹைட்ரஜன் டேங்க்குக்கு நூல் சுற்றும் ரிஸ்வானாம். என்னைக் காட்டி, "இவங்க என் சொந்த மாமா" என்று அவரிடம் சொன்னாய். அப்படியானால் இரவல் மாமா ஒருவர் இருக்கிறார் என்றுதானே அர்த்தம். அன்று நான் விட்ட பெருமூச்சில் புவாங்கோக் வரைக்கும் மூங்கில் கழிகளில் தொங்கிய துணியெல்லாம் காய்ந்துவிட்டது.

அதோடு விட்டதா? நீ வரைந்த முதல் டேங்க்கை, எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, 14ஆம் தேதி தண்ணீர் ஏற்றி வெடிக்க வைக்கப் போகிறீர்களாம். வரைந்தவர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவர்தான் பொத்தானை அழுத்துவது உங்கள் பட்டறை வழக்கமாம். நீ அந்தத் தாடியைக் கைகாட்டிவிட்டாயாம். சைனாடவுன் மாரியம்மன் கோவிலில் யார் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டாய்? அன்று நீ கடித்த கடியில் என் கட்டைவிரல் இன்றைக்கும் மலேசியா பக்கம் திரும்பியிருக்கிறது.

உன் அத்தை நலம். நான் நலமில்லை.

இப்படிக்கு,
பதவி பறிக்கப்பட்ட மாமன்,
வெங்கட்

*

பூன் லே,
7 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை பஸ்ஸில் படித்துவிட்டுச் சிரித்ததில் பக்கத்து சீட் ஆன்ட்டி எழுந்து வேறு இடம் போய்விட்டார். பேச மாட்டீர்கள் என்றால் நானும் எழுதுகிறேன்.

நான் வரைவது வெறும் கோடு, மாமா. உள்ளே பிளாஸ்டிக் குடுவை, அதன் மேல் பிசினில் நனைத்த கார்பன் நூல். அந்த நூல்தான் எழுநூறு பார் அழுத்தத்தைத் தாங்குகிறது. கார் டயரில் இருப்பது இரண்டரைதான். டேங்க்கின் முனையில் நூல் வளையும் கோணத்தை நான் தப்பாகப் போட்டு இரண்டு டேங்க் வீணாயிற்று. முதலாளி கேட்டபோது, "மெஷின் கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு" என்று ரிஸ்வான் மாமா சொல்லிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார். அதனால்தான் பொத்தான் அவருக்கு. மற்றவர்கள் அவரை 'பாஸ்' என்கிறார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை, 'மாமா' என்றுதான் வருகிறது.

உங்கள் இடம் உங்களுக்குத்தான். கட்டைவிரலுக்குத் தைலம் போடுங்கள். அத்தைக்கு என் அன்பு.

உங்கள் செல்ல மருமகள்,
யாமினி

*

செங்காங்,
11 மார்ச் 2025

பேரரசிக்கு,

இது வெற்றிச் செய்தி. நேற்று உங்கள் பட்டறைக்கு நைட்ரஜன் சிலிண்டர் இறக்கும் முறை என் லாரிக்கு வந்தது. நீ கூட்டத்தில் இருந்தாய். தாடியார் தொழுகைக்குப் போயிருந்தார். நடுக்கூடத்தில், மரத் தொட்டிலில், கறுகறுவென்று உன் புகழ்பெற்ற டேங்க்.

என் தொழில் உனக்குத் தெரியும். இரும்பு சிலிண்டர் எதுவானாலும் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டாமல் லாரியில் ஏற்ற மாட்டேன். நல்ல சிலிண்டர் கோவில் மணி மாதிரி 'ணங்' என்று பாடும். உள்ளே துருப்பிடித்தது முனகும். இந்தச் சுத்தியலுக்கு அஞ்சாத சிலிண்டர் ஜூரோங் முதல் ஜொகூர் வரை கிடையாது.

உன் டேங்க்கையும் தட்டினேன். 'தொப்' என்றது. ஒருவேளை வெட்கப்படுகிறதோ என்று இன்னும் ஓங்கித் தட்டினேன். மறுபடியும் 'தொப்'. பூசணிக்காய் இதைவிட நன்றாகப் பாடும். உன் ரிஸ்வான் மாமா சுற்றிய லட்சணம் இதுதான். இப்போதாவது பொத்தானை யாரிடம் கொடுப்பது என்று யோசி.

வெற்றிக் களிப்பில்,
வெங்கட்

*

பூன் லே,
13 மார்ச் 2025

மாமாவுக்கு,

அது இரும்பு இல்லை. பாடாது. பாடவும் கூடாது. சுத்தியல் பட்டால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே நூல் அறுந்துபோகும்.

செவ்வாய்க்கிழமை காலை ரிஸ்வான் மாமாதான் அதில் நகக்கண் அளவுக்கு ஒரு வெளுத்த இடத்தைப் பார்த்தார். சோதனை ரத்து. டேங்க்கை வாங்க இருந்தவர்கள் வருத்தத்தில் இருக்கிறார்கள். முதலாளி கத்தியபோது, "என் ஸ்பேனர் கைதவறி விழுந்துடுச்சு" என்று அவர் சொன்னார். நான்தான் கவனமில்லாமல் எதையோ இடித்துவிட்டேன் என்று நினைத்து, என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறார். இப்போது அவரை நூல் சுற்றும் மெஷினிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

தட்டியது நீங்கள் என்று இன்று உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்கே தெரியும். இதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் தயவுசெய்து எதுவும் செய்ய வேண்டாம்.

யாமினி

*

செங்காங்,
18 மார்ச் 2025

யாமினிக்கு,

உன் கடிதத்தில் 'அன்புள்ள' இல்லை. புரட்டிப் பின்பக்கமும் பார்த்தேன்.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம் என்றாய். முயன்றேன். முடியவில்லை. தாடியார் முதலில் 'மாமா' என்ற பட்டத்தை எடுத்துக்கொண்டார். பிறகு பொத்தானை எடுத்துக்கொண்டார். இப்போது நான் செய்த தப்பையும் எடுத்துக்கொண்டு ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறார். என் மருமகளுக்காகத் திட்டு வாங்க நான் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தர் எதற்கு? அந்தத் தப்பு என் சொந்தச் சம்பாத்தியம். அதையும் அவருக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

நேற்று நீ விடுப்பில் இருந்த நாளாகப் பார்த்து துவாஸில் இருக்கும் உங்கள் பட்டறைக்குப் போனேன். முதலாளியின் மேசையில் சுத்தியலை வைத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் தட்டிய இடத்தைத் தொட்டுக் காட்டிய பிறகு நம்பினார். பிறகு அவர் கத்தியதில் துவாஸ் பாலம் ஒருமுறை ஆடி நின்றது. உங்கள் பட்டறை வாசலுக்குள் இனி ஆயுளுக்கும் நான் வரக்கூடாது. என் டிப்போவிலும் அந்தப் பக்க லாரியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

நோன்பு வாயோடு, கொளுத்தும் வெயிலில், தாடியார் வாசல் வரை கூடவே வந்தார்.

"ஏன்ணே, நான் சமாளிச்சிருப்பேன்ல?"

"அதான் எனக்கு எரியுது. நீங்க ஏன் சமாளிக்கணும்?"

"நம்ம புள்ளைக்குத்தானே அண்ணே."

நம்ம புள்ளை. கேட்டாயா? அவர் தாடி முழுக்க நரை, என் மீசையில் ஒன்றுகூட வெளியே தெரியாது, நான் அவருக்கு அண்ணனாம். லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பொத்தானை அவரே அழுத்தட்டும். இதை நான் மனதாரச் சொல்லவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

வெங்கட்

*

பூன் லே,
9 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தத் தடவை முதல் வரியிலேயே இருக்கிறது, பாருங்கள்.

நீங்கள் வந்துபோன மறுநாளே ரிஸ்வான் மாமா மெஷினுக்குத் திரும்பிவிட்டார். நோன்புப் பெருநாளுக்கு உங்களுக்கு பிரியாணி கொடுத்து அனுப்பினாராமே. சட்டியைக் கழுவவே வேண்டாத அளவுக்கு நக்கிவிட்டீர்கள் என்று அத்தை போனில் சொன்னார்கள்.

நேற்று பழையது, அவர் புதிதாகச் சுற்றியது என்று இரண்டு டேங்க்கையும் வெடிக்க வைத்தோம். முதலில் நீங்கள் தட்டியது. "அது அண்ணன் டேங்க், அவங்கதான் அழுத்தணும்" என்று ரிஸ்வான் மாமா பிடிவாதம் பிடித்தார். நீங்கள் வாசலுக்குள் வர முடியாதே. உங்களுக்காக நான் அழுத்தினேன். தாங்க வேண்டிய அளவைத் தொடும் முன்பே, சுத்தியல் பட்ட அதே இடத்தில் பிளந்தது. இதைப் பார்த்த பிறகு, எந்த டேங்க் லேசாக அடிபட்டாலும் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று முதலாளி எழுதி ஒட்டிவிட்டார்.

புதியதற்கு ரிஸ்வான் மாமா அழுத்தினார். தாங்க வேண்டியதைத் தாண்டியும் கொஞ்ச தூரம் போய்த்தான் வெடித்தது. வாங்குகிறவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

இந்தப் பார்சலில் இருப்பது உங்கள் டேங்க்கின் துண்டு. வெளுத்த இடம் நடுவில் இருக்கிறது. அத்தை திட்டும் வரைக்கும் தட்டிப் பாருங்கள். இனி அதற்கு ஒன்றும் ஆகாது.

ஞாயிறு காலை மீன் வாங்க தேக்கா வருகிறேன். ரிஸ்வான் மாமாவும் வருவார். 'மாமா' என்று கூப்பிடுவேன். முதலில் திரும்புகிறவர் நீங்களாக இருங்கள்.

உங்கள் மருமகள்,
யாமினி

*

செங்காங்,
11 ஏப்ரல் 2025

அன்புள்ள யாமினிக்கு,

துண்டு வந்தது. தட்டினேன். இப்போதும் 'தொப்'தான். டிவிக்கு மேல் வைத்திருக்கிறேன்.

சபதம் ஞாயிறு காலையோடு முடிகிறது. ஆறு மணிக்கே மீன் கடை முன்னால் நிற்பேன். அவர் ஏழரைக்கு முன்னால் வரமாட்டார், விசாரித்துவிட்டேன்.

நீ சீக்கிரம் வா.

மாமா