எந்தக் கைக்கு அரிவாள்?

செவிலிமேடு,
வியாழக்கிழமை காலை.

அன்பு மகள் நதியாவுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே குறை ஒன்றும் இல்லை, லெஸ்டரில் நீயும் மாப்பிள்ளை சத்யராஜும் பேரன் சின்னவனும் சளி இருமல் இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும். நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அம்மா செய்தால் எடுக்கிறாய், அதனால்தான் கடிதம். அடுத்த வாரம் அங்கே வரும் உன் சிநேகிதி ஜோதிகாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். இவ்வளவு எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன், யாரும் வரவில்லை, சும்மாதான். ஒரு எடத்துல குந்தி எழுதுயா, கால்ல சக்கரம் கட்டிக்கினு சுத்தாத என்று உன் அம்மா திட்டுகிறாள்.

வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போடப்போகிறாய், என்னென்ன சாமான் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டாயாம். முப்பத்து நான்கு வருஷம் காலேஜ் தோட்டத்தில் மண் கொத்தியவன் நான், என்னைக் கேட்டிருக்கலாம். சரி, போகட்டும். பத்துப் பதினைந்து சாமானை ஒரே பெட்டியில் போட்டு விற்பார்கள், வாங்காதே, பாதி துருப்பிடித்துக் கிடக்கும். ஒரு மண்வெட்டி வாங்கு, பிடி நீளமாக இருக்கட்டும், குனிந்து வெட்டினால் உனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். ஒரு களைக்கொத்து, கிளை வெட்ட ஒரு கத்தரி, ஒரு பூவாளி. பூவாளியைத் தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பார்த்து வாங்கு, காலியாக இருக்கும்போது எல்லாமே லேசாகத்தான் இருக்கும். இவ்வளவு போதும். புல் அறுக்கும் அரிவாள் மட்டும் நம் ஊரில் அடித்ததாக இருக்கட்டும் என்று ஐயம்பேட்டை ரோட்டில் கௌஸ் பாஷா பாய் பட்டறைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என் சாமான்களைச் சாணை பிடிக்க நீதானே அவரிடம் எடுத்துப் போவாய், அவருக்கு உன்னை நன்றாக ஞாபகம் இருக்கிறது. எந்தக் கைக்குப்பா அருவா, உன் பொண்ணு எடது கைப் பழக்கமாச்சே, பல்லை அந்தப் பக்கமா வெட்டணும் என்றார். அதெல்லாம் சின்ன வயசுலயே திருத்திட்டேன் பாய் என்றேன். எழுதறதத் திருத்தின, அருவா புடிக்கறது எந்தக் கைல என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை நதியா. பெற்ற மகள் எந்தக் கையால் வேலை செய்வாள் என்று தெரியாமல் விழித்தேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன், பஸ் வந்தது, ஏறவில்லை, அடுத்ததும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டே, காய் நறுக்கறது, பட்டன் தைக்கறது எல்லாம் எடது கைலதான்யா செய்யும், நீ உள்ள வந்தா கைய மாத்திக்கும் என்றாள். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். சொல்லியிருந்தா மறுபடியும் கட்டியிருப்ப என்றாள். எழுதும்போது உன் இடது கையைத் துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியவன் நான்தான், நல்லதுக்குத்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மே மாதம் நீங்கள் வந்தபோது விருந்தாளிகள் முன்னால், பீச்சாங்கைல சோறு துன்றான் பாரு என்று சின்னவன் கையில் அடித்ததும் அந்த நினைப்பில்தான். என் கையக் கட்டினது போதும், அவன் கையத் தொடாதீங்கப்பா என்று சொல்லி இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டாய். உனக்குத் திமிர் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். தப்பு என்னுடையதுதான் நதியா. அன்றைக்குச் செய்ததும் தப்பு, மே மாதம் செய்ததும் தப்பு. மன்னித்துவிடு என்று நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது, எழுதிவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே போய் இடது கைக்கே அடிக்கச் சொல்லி வாங்கி வந்துவிட்டேன், இந்தக் கடிதத்தோடு ஜோதிகா கொண்டுவருவாள். சின்னவனுக்கும் ஒரு குட்டிக் களைக்கொத்து இருக்கிறது, அவன் எந்தக் கையில் எடுத்தாலும் எடுக்கட்டும். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், போட்ட விதையெல்லாம் முளைத்து, சந்தோஷமாக இருங்கள். வேலை முடிந்ததும் மண்ணைத் துடைத்து எண்ணெய் தடவி வை, அந்த ஊர் ஈரத்துக்கு இரும்பு தாங்காது. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா போனிலிருந்து நான்தான் கூப்பிடுவேன். அம்மா என்று நினைத்து எடுக்காதே. நான் என்று தெரிந்து எடுப்பதானால் எடு.

உன் அப்பா,
சின்னப்பையன்