எடுக்காத புடவைக்கு நீ சொன்ன ஆமாம்

என்னை இடுப்பில் தூக்கியே வளர்த்த பூங்காவனம் அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு எழுத ஆரம்பித்தால் நீயே சிரிப்பாய், அதனால் கேட்கவில்லை. இங்கே நாங்கள் இருக்கிறோம். அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. நான் இன்னும் ஏ.சி. ரிப்பேர்தான் பார்க்கிறேன். இந்த வெயிலில் காஞ்சிபுரத்தில் சாமிக்கு அடுத்தபடி என்னைத்தான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள்.

ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். அந்தப் புடவை கிடைத்துவிட்டது அக்கா.

ஆமாம், அதேதான். அரக்கு உடம்பு, மஞ்சள் பார்டர். நீ வேலை பார்த்த பட்டுக்கடையில் காணாமல் போய், நீதான் எடுத்தாய் என்று உன்மேல் கேஸ் கொடுத்தார்களே, அந்தப் புடவை. வாலாஜாபாத்தில் ஒரு வீட்டுப் பீரோவில் இருந்திருக்கிறது.

பழைய வாடிக்கைக்காரர்கள் வீட்டில் கல்யாணம் என்றால் முதலாளி ஒரு கட்டுப் புடவையைப் பார்வைக்கு அனுப்புவாரே, பிடித்ததை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருவார்களே, அப்படிப் போன கட்டில் அதுவும் போயிருக்கிறது. அனுப்பியது முதலாளி கையால், மறந்ததும் அவரே. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பீரோவை நகர்த்தியபோது கண்ணில் பட, அந்த நல்ல மனிதர்கள் கடைக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். உன்னோடு புடவை மடித்த தேவி இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். அவள்தான் போன் பண்ணி அழுதாள்.

அம்மாவின் காதருகே போய்க் கத்திச் சொன்னேன். “அதான் எனக்குத் தெரியுமே” என்றாள். கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை. பிறகு அன்று முழுக்க அவள் சாப்பிடவும் இல்லை.

எனக்கு அந்தக் கோர்ட்டு நாள்தான் ஓடிக்கொண்டே இருக்கிறது. டவாலி உன் பெயரைக் கூப்பிட்டதும் நீ செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனாய், கோயிலுக்குள் போகிறவள் மாதிரி. மாஜிஸ்திரேட் நிதானமாகத்தான் கேட்டார். கடைப் புடவையைத் திருடியதாக உன்மேல் குற்றச்சாட்டு, ஒத்துக்கொள்கிறாயா, மறுக்கிறாயா? ஒத்துக்கொள்ளச் சொல்லி யாராவது மிரட்டினார்களா? ஒத்துக்கொண்டால் தண்டனை உண்டு, தெரியுமா? ஒவ்வொன்றாகக் கேட்டார். நீ பின்னால் திரும்பி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவைப் பார்த்தாய்.

“யாரும் மிரட்டலீங்க. ஒத்துக்கிறேங்க.”

மிரட்டவில்லைதான். முந்தின நாள் பெரியப்பா நம் வீட்டுக்கு வந்து, தன்மையாகத்தான் பேசினார். தெருவுக்குப் பெரியதனக்காரர் அவர், அப்பாவுக்கு அண்ணன், அவர் பேச்சுக்கு மறுபேச்சு நம் வீட்டில் ஏது? “ஒத்துக்கோமா. நம்ம தெருவுல பண்றதில்லையா? தப்புன்னு சொல்லி தெண்டம் கட்டிட்டா அத்தோட முடிஞ்சிது. இல்லன்னு நின்னா அந்தாளு பொய் சொல்றாருன்னு ஆவும். சோறு போட்ட மவராசன்மா.” கடைக்காரரே பிடித்துக் கொடுத்த வக்கீலும் அதையேதான் சொன்னார். சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்.

நம் தெரு வழக்கம் வெளியாருக்குப் புரியாது. ஒரு வீட்டுத் தறிக்கு வந்த பட்டு நூல் இன்னொரு வீட்டில் இருந்தாலும் சரி, வாய்ச் சண்டையானாலும் சரி, பெரியதனக்காரர் பிள்ளையார் கோயிலில் கூட்டம் போடுவார். யாராவது ஒருவர் “என் தப்புதான்” என்று சொல்லித் தெண்டம் கட்டிவிட வேண்டும். கற்பூரம் ஏற்றி நெற்றியில் விபூதி பூசிவிட்டால் விஷயம் செத்தது. அதற்குப் பிறகு அதைப் பேசுகிறவனுக்குத்தான் தெண்டம். செய்யாத தப்பை ஏற்றுக்கொள்கிறவனைப் பெரிய மனசுக்காரன் என்பார்கள். அப்பாவே ஒரு முறை பக்கத்து வீட்டுக்காரனுக்காக அப்படி ஏற்றுக்கொண்டு, சாகும்வரை அந்தப் பெருமையில் நடந்தார். நீ அந்த அப்பாவின் பெண். வேறென்ன சொல்வாய்?

கோர்ட்டில் விபூதி கொடுக்க ஆளில்லை அக்கா. அது நமக்குத் தெரியவில்லை.

அபராதம், அதோடு கோர்ட்டு கலையும்வரை சிறை என்று தீர்ப்பு. “எங்கீங்க போயி இருக்கணும்?” என்று நீ கேட்டதும், போலீஸ்காரம்மா சுவரோரம் கைகாட்டினாள். அங்கேயே உட்கார்ந்து, மற்றவர்கள் கேஸையெல்லாம் வாய் பார்த்துக்கொண்டிருந்தாய். சாயங்காலம் வெளியே வந்ததும் என் தோளில் தட்டி, “ஜெயில்ல ஃபேனு கூட இருந்துச்சிடா, நம்ம வூட்டு ஃபேனை விட நல்லா சுத்துது” என்றாய். நானும் சிரித்தேன். நேராகப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் விபூதி வாங்கிக்கொண்டோம். எல்லாம் முடிந்தது என்றுதான் உன் முகத்தில் இருந்தது.

எது முடிந்தது? எந்தக் கடையில் வேலை கேட்டாலும் “ஒத்துக்கினவதானே நீ” என்றார்கள். கூரத்திலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதிலே சொல்லவில்லை. நம் தெருவில் யாரும் வாய் திறக்கவில்லை, அது உண்மை. ஆனால் ஊர் நம் தெருவோடு முடிகிறதா? கடைசியில் ஏனாத்தூர் பக்கம் ஒரு ஹாஸ்டலில் பாத்திரம் கழுவப் போனாய். பட்டுப் புடவை மடித்த கை, சோடா உப்பிலும் சாம்பார் அண்டாவிலும் ஊறிக் கிடந்தது. மஞ்சள் காமாலை வந்து, அதையும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, போய்ச் சேர்ந்தாய். வாய் இருந்தால்தானே பிழைக்க முடியும்? உனக்கு அது எப்போதும் இல்லை. எனக்குத்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து இருக்கிறது.

அந்த வாயோடுதான் கடைக்குப் போனேன். சத்தியமாகச் சண்டைக்குப் போகவில்லை. வந்து எங்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்கத்தான் போனேன். முதலாளி விசிறிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“கெடைச்சிடுச்சிபா, நல்லதுதான். அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்? எடுக்காதவ எதுக்கு ஒத்துக்கினா?”

பெரியப்பாவுக்காக, அம்மாவுக்காக, அந்த ஆள் பொய்யனாகிவிடக் கூடாதே என்று அந்த ஆளுக்காகவும்தான் ஒத்துக்கொண்டாய் என்று சொன்னால் அவருக்கு விளங்குமா? பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதைத் தூக்கி ஷோகேஸ் கண்ணாடியில் அடித்தேன். உள்ளே நின்ற பொம்மை, கட்டியிருந்த புடவையோடு சாய்ந்தது. தேவி கத்தினாள். அன்றைக்கே என்மேலும் கேஸ்.

எனக்கு வக்கீல் ஒரு அம்மா. கறாரானவர், பொய்யான ஆறுதல் சொல்லத் தெரியாதவர். என் கேஸை விடுங்கள், முதலில் அக்காவின் திருட்டுப் பெயரை நீக்க வழி சொல்லுங்கள் என்றேன். “அவங்களே வாயால ஒத்துக்கினாங்களேபா. அப்படி வந்த தீர்ப்புக்கு, தண்டனை ஜாஸ்தின்னு வேணா அப்பீல் போலாம். தப்பே பண்ணலன்னு போவ முடியாது. ஐகோர்ட்டுல வேற மாதிரி முட்டிப் பாக்கலாம். ஆனா இத்தினி வருஷம் கழிச்சி, ஆளே இல்லாதப்போ… எனக்கு நம்பிக்கை இல்லபா” என்றார்.

அவர் இன்னொன்றும் சொன்னார், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கண்ணாடியை உடைத்தது நான்தானே, ஆமாம் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். “இல்லன்னு சொல்லு. அது பொய்யில்லபா. நான் பண்ணேன்னு நீங்க நிரூபிங்கன்னு கேக்கறது, அவ்ளோதான். யார் வேணா கேக்கலாம்.” யார் வேண்டுமானாலும் கேட்கலாமாம்! இதை அன்றைக்கு உனக்கு ஒருவர் சொல்லியிருந்தால்? இல்லை என்று சொல்வது யாரையும் பொய்யன் ஆக்குவதல்ல என்று அந்தக் கோர்ட்டு வாசலில் ஒரு ஆள் உன்னிடம் சொல்லியிருந்தால்?

போன வாரம் பெரியப்பா வந்தார். தளர்ந்துவிட்டார், கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். முதலாளி சமாதானத்துக்குத் தயாராம். பிள்ளையார் கோயிலில் “என் தப்பு” என்று நான் ஒரு வார்த்தை சொல்லி விபூதி வாங்கிக்கொண்டால் கேஸை முடித்துக்கொள்வாராம்.

“அக்கா மேட்டரு?” என்றேன்.

“அதுக்குத்தான் அன்னிக்கே விபூதி வாங்கியாச்சேடா. அத்த மறுபடி பேசக் கூடாது.”

சொல்லிவிட்டு, சுவரில் இருந்த உன் படத்துக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தார். அவருக்கும் தெரிகிறது. தெரிந்தும் வழக்கத்தைக் கைவிட அவரால் முடியவில்லை. அவர்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. அம்மா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினாள்.

நான் சமாதானத்துக்குப் போகப் போவதில்லை. அடுத்த வாய்தாவில் என்னையும் கேட்பார்கள், ஒத்துக்கொள்கிறாயா, மறுக்கிறாயா என்று. மறுக்கிறேன் என்பேன். மறுத்தால்தான் விசாரணை, விசாரணை நடந்தால்தான் முதலாளி சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். ஏறினால், காணாமல் போன புடவை கிடைத்ததா என்று அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடிக் கேஸில் புடவைக் கதை எதற்கு என்று அந்தக் கேள்வியையே தள்ளிவிடலாம் என்கிறார் வக்கீலம்மா. அதற்கு முன்னால் வருஷங்கள் ஓடுமாம். முதலாளி வாய்தாவுக்கு வராமலே இழுப்பாராம். கடைசியில் சாட்சி இல்லை என்று என்னை விட்டுவிடுவார்களாம்.

யோசித்துப் பார் அக்கா. உடைத்தவனுக்கு விடுதலை என்று ஒரு தாள் கிடைக்கும். எடுக்காதவள் குற்றவாளி என்ற தாள் அதே கட்டிடத்தில் எங்கேயோ அப்படியே இருக்கும். அதுதான் நடக்கும் என்று எனக்கும் தெரியும்.

ஆனாலும் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஒரு வாய்தாவையும் விடமாட்டேன். என்னை விடுதலை என்று சொல்லும் நாளில், கூண்டை விட்டு இறங்குவதற்கு முன்னால் சத்தமாகச் சொல்வேன்: கண்ணாடியை உடைத்தது நான்தாங்க, புடவையை எங்க அக்கா எடுக்கலைங்க. டவாலி அதட்டுவார். அடுத்த கேஸைக் கூப்பிடுவார்கள். யாரும் அதை எழுதிக்கொள்ளப் போவதில்லை. சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

உன் இடுப்பை விட்டு இறங்கவே மாட்டேன் என்று அழுத
உன் தம்பி,
சேகர்