பேர் போடாத இருபத்தாறு தாள்

பாளையம்பட்டி,
மார்ச் 12, வியாழன்.

அன்பு மகள் சுபலட்சுமிக்கு அப்பா எழுதுறது. இங்க நானும் உங்கம்மாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம நடமாடிக்கிட்டு இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் அங்க அதே மாதிரி இருக்கணும்னு சாமியைக் கேட்டுக்கிட்டுத்தான் பேனா மூடியைத் திறந்தேன். திறந்த கையோட கேவலமான விஷயத்தை முதல்ல சொல்லிடுறேன், பின்னால வச்சா நடுவுல தைரியம் போயிடும். உங்கப்பன் போன மாசம் திருடிட்டான். அம்பத்துநாலு வயசுல, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோட, காலேஜ் பீரோவுல இருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து டிபன் பைக்குள்ள சொருகி டவுன் பஸ்ஸுல கொண்டுக்கிட்டு வந்துட்டான். கண்டக்டர் என்கிட்டப் படிச்ச பையன், என்ன சார் இன்னைக்கு டிபன் பையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வாரீகன்னு கேட்டான். ரசம் சிந்திருச்சுப்பான்னேன். காலி டப்பாவுல ஏது ரசம்னு அவன் கேக்கலை, ஆனா இறங்குற வரைக்கும் அந்தப் பையையே பார்த்துக்கிட்டு வந்தான்.

இதைப் போன்ல சொல்லலாம்தான். உங்கம்மா போனை ஸ்பீக்கர்ல போடாம என்னைப் பேசவிட மாட்டா, வாட்ஸாப்புல அனுப்பினா எனக்கு முன்னால அவ படிச்சிருவா, அது உனக்கே தெரியும். வீரசோழன் ஊர்க்காரர் சீனி முகம்மது பாய் லீவு முடிஞ்சு சனிக்கிழமை உங்க மஸ்கட்டுக்குத் திரும்புறாக, அவுக கையில குடுத்து விடுறேன், நீ வேலை பார்க்கிற மருந்துக்கடையிலேயே வச்சுப் படிச்சுக்கோ. வீட்ல தெலுங்குல பேசி வளர்ந்தோமே தவிர அதை எழுத நமக்குத் தெரியாது. அதுவும் நல்லதுதான், தமிழ்ல எழுதினா என் திருட்டுக்கே கொஞ்சம் மரியாதை வந்த மாதிரி இருக்கு.

விஷயம் என்னன்னா, நம்ம காலேஜ்ல பி.ஏ. வரலாறை வர்ற ஜூனோட மூடிடலாமான்னு நிர்வாகத்துல யோசிக்கிறாங்க. முதல் வருஷத்துல எட்டுப் பிள்ளைக, ரெண்டாம் வருஷம் ஒம்பது, மூணாம் வருஷம் பதினொண்ணு, மொத்தக் கூட்டமே அம்புட்டுத்தான். அந்த ரூமுகள்ல பி.காம். வச்சா ஜன்னல்ல கூட ஆள் உக்காரும்னு செயலாளர் சொன்னாராம். மூடாட்டியும் வரலாறுக்கு மூணு ஆசிரியர் வேண்டாம், ரெண்டு போதும்னு ஒரு பேச்சு ஓடுது. யாரை அனுப்புறதுங்கிறதை, பிள்ளைக எங்களைப் பத்திக் குடுக்கிற பீட்பேக்கையும் ஆசிரியருக பாடத்தைப் பத்திக் குடுக்கிற பீட்பேக்கையும் வச்சு முடிவு பண்ணுவாங்களாம். நாளைக்குக் காலைல பதினொரு மணிக்கு அந்தக் கூட்டம். எங்க மூணு பேர்ல, நரிக்குடி சுந்தரபாண்டி சாருக்குத் துறைத்தலைவர் நாற்காலி இருக்கு, புதுசா வந்த தீபலட்சுமிக்கு டாக்டர் பட்டம் இருக்கு, எனக்கு இருக்கிறது நல்ல குரல். இது எதுவும் உங்கம்மாவுக்குத் தெரியாது. அவ ஜூன்ல என்னைக் கூட்டிக்கிட்டு உன்னைப் பார்க்க வரணும்னு பாஸ்போர்ட் வாங்குற பேச்சுல இருக்கா.

பிள்ளைககிட்ட பீட்பேக் வாங்கியாச்சுன்னு ஆபீஸ்ல சொன்ன நாள்ல இருந்து எனக்குச் சோறு இறங்கலை. அந்த நேரம் பார்த்து சுந்தரபாண்டி சார் சாக்பீஸ் எடுத்துட்டு வரச்சொல்லி பீரோ சாவியைக் கையில குடுத்தாரு. கீழ்த்தட்டுல நாடா போட்டுக் கட்டின ஒரு கட்டு, மேல இருந்த தாள்ல மாணவர் கருத்துப் படிவம், தாள் தமிழக வரலாறுன்னு அச்சடிச்சிருந்துச்சு. தமிழக வரலாறு என் தாள். படிவத்துல ஆசிரியர் பேரும் இருக்காது எழுதின பிள்ளை பேரும் இருக்காது, அதுதான் முறை. சாக்பீஸை விட்டுட்டு அதை எடுத்துக்கிட்டு வந்தேன். மறுநாள் ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில கூழ்வத்தலுக்குக் காவல் இருக்கேன்னு உங்கம்மாகிட்ட சொல்லிட்டு, குடையை விரிச்சு வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணாப் படிச்சேன். இருபத்தாறு தாள் இருந்துச்சு. பிள்ளைக இருபத்தெட்டாச்சேன்னு யோசிச்சு, ரெண்டு பேரு அன்னைக்கு லீவு போலன்னு நானே கணக்கை நேர் பண்ணிக்கிட்டேன். நான் படிச்சு முடிக்கிறதுக்குள்ள காக்கா பாதி வத்தலை முடிச்சிருச்சு.

என்ன எழுதியிருந்தாங்கன்னு கேக்கிறியா. சார் போர்டுக்குப் பாடம் நடத்துறார், எங்க பக்கம் திரும்புறதே இல்லைன்னு ஒண்ணு. பரீட்சைக்கு வராததை மூணு வாரம் நடத்திட்டு வர்றதை மூணு நாள்ல முடிக்கிறார்னு ஒண்ணு. வரலாறு பிடிக்கும், வகுப்பு வேண்டாம்னு ரெண்டே வரியில ஒண்ணு. பாண்டியர் படையெடுப்பு நடக்கும்போதெல்லாம் ஆட்டுக் கதை சொல்றார், ஆடு எந்தப் பக்கம் சண்டை போட்டுச்சுன்னு எங்களுக்குத் தெரியலைன்னு ஒண்ணு. ஆடு வளர்த்த ஜாதகமே நமக்குக் கிடையாது, இருந்தாலும் எப்பவாச்சும் பேச்சுவாக்குல சொல்லியிருப்பேன்னு அதையும் ஒத்துக்கிட்டேன். எல்லாத்தையும் விட நெஞ்சுல குத்தினது ஒண்ணு உண்டு. சார் நல்ல மனுசர், அதனால எதுவும் எழுத விரும்பவில்லைன்னு ஒரு பிள்ளை எழுதியிருந்துச்சு. அதைப் படிச்சுட்டு அரைமணி நேரம் குடைக்குள்ளேயே உக்காந்துட்டேன். உங்கம்மா கீழ இருந்து காக்கா காக்கான்னு கத்துறா, எனக்குக் காதுல விழலை.

படிச்சதோட விட்டிருந்தா மனுசன். நான்தான் மூணாம் வருஷத்துக்குக் கல்வெட்டு நடத்துறேன், எழுத்தோட சாயலைப் பார்த்தே இது இன்ன நூற்றாண்டுன்னு அடிச்சுச் சொல்றவன், இருபத்தாறு பிள்ளைக எழுத்தைக் கண்டுபிடிக்க முடியாதான்னு இறங்கிட்டேன். பரீட்சைப் பேப்பரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு லென்ஸ் வச்சுப் பார்த்தேன். வகுப்பு வேண்டாம்னு எழுதினது பானுப்பிரியாதான்னு முடிவாயிருச்சு. திருச்சுழிக்குத் தெக்க ஒரு ஊருல இருந்து வர்ற பிள்ளை, வாயே திறக்காது, அது மாதிரியே சுழி போட்ட எழுத்து, அதே பச்சை மை. அன்னைல இருந்து அந்தப் பிள்ளையைத் திருப்திப்படுத்துறதுக்காகவே பாடம் நடத்தினேன். ஒவ்வொரு வரிக்கும் அது பக்கம் திரும்பி, புரியுதாம்மா பானுப்பிரியான்னு கேட்டேன். ஒரு வாரம் கழிச்சு அதோட அம்மா முத்துமாரியம்மாள், மடி நிறையத் தட்டாங்காயைக் கட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கே வந்துட்டாக. எம்மக அம்புட்டு மக்கா சார், ஒரு மணி நேரத்துல பதினேழு தடவை புரியுதா புரியுதான்னு கேக்கீகளாம், கூடப் படிக்கிறதுக எண்ணிச் சொல்லுதுக, இவ காலேஜுக்கே போகலைங்கிறா, தப்பு பண்ணியிருந்தா அடிச்சிருங்க சார், இப்படி மரியாதை குடுத்துக் கொல்லாதீகன்னு அழுதுட்டாக. தட்டாங்காயைத் திருப்பிக் குடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டாக. உங்கம்மா அதைக் குழம்பு வச்சு, நல்லாருக்கு, யாரு அந்தப் பிள்ளைன்னு கேட்டா. அந்தப் பிள்ளை இன்னும் கடைசி பெஞ்சுல தூணுக்குப் பின்னாலதான் உக்காருது.

தீபலட்சுமியையும் நான் விடலை. கட்டுக்குள்ள ஆசிரியர் கருத்துப் படிவமும் ஒண்ணு இருந்துச்சு. மூத்த ஆசிரியர்கள் புதிய நூல்களைப் படிப்பதில்லை, பழைய நோட்ஸையே ஆண்டுதோறும் வாசிக்கிறார்கள்னு டைப் அடிச்சிருந்தாங்க. டாக்டர் பட்டம் வாங்கினவங்க தவிர வேற யாரு இப்படி எழுதப்போறான்னு மூணு வாரம் அந்தப் பொண்ணோட பேசாம இருந்தேன். காலைல நான் பஸ் இறங்குற காந்திநகர்ல இருந்து ஒரே ஷேர் ஆட்டோவுலதான் காலேஜுக்கு வருவோம், நான் டிரைவர் பக்கத்துல ஒத்தைக் காலைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தேன். போதாததுக்கு நூலகத்துல இருக்கிறதிலேயே தடியான புத்தகத்தை எடுத்து, பேப்பர் அட்டை போட்டு, அவங்க கண்ணுல படுற மாதிரி ஸ்டாஃப் ரூம் மேசையில வச்சேன். நாலாம் நாள் அவங்க மெதுவா வந்து, சார் கோபமா இருந்தீங்கன்னா மன்னிச்சிடுங்க, ஆனா அந்தப் புத்தகத்தைத் தாவரவியல் பிள்ளைக தேடிக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னாங்க. சிரிக்கக்கூட இல்லை. சிரிச்சிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

இதுக்கும் மேல ஒண்ணு பண்ணியிருக்கேன், அதுதான் இப்ப என்னை அரிச்சுக்கிட்டு இருக்கு. போன வாரம் சுந்தரபாண்டி சார் மூணு பேரையும், உங்க வகுப்புல என்ன குறைன்னு உங்களுக்கே படுதோ அதை எழுதி, அதுக்கு என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னும் சேர்த்து அறிக்கையாக் குடுங்க, நிர்வாகத்துக்கு அனுப்பணும்னு சொன்னாரு. தீபலட்சுமி ப்ரொஜெக்டர் வசதி போதலைன்னு நாலு வரி எழுதினாங்க. சார் தன் பங்குக்கு, பெரிய குறை எதுவும் தெரியவில்லைன்னு ஒரே வரி. நான்? கட்டு என்கிட்ட இருந்தாலும் ஆபீஸ்ல நகல் இருக்கும், எப்படியும் கூட்டத்துல வெளிய வரத்தானே போகுது, முந்திக்கிட்டு நாமே சொன்னா மானமாச்சும் மிஞ்சும்னு, அத்தனையையும் வரிசையா எழுதி, கீழ கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டேன். போர்டைப் பார்த்து நடத்துகிறேன், இனி திரும்புவேன். நோட்ஸை வாசிக்கிறேன், இனி வாசிக்க மாட்டேன். ஆட்டுக் கதை கூறுகிறேன், நிறுத்திவிட்டேன்.

நேத்து துறைக் கூட்டத்துல சார் அதைச் சத்தமா வாசிச்சாரு. வாசிக்க வாசிக்க அவருக்குச் சிரிப்பு தாங்கலை, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டாரு. ஏய்யா வேங்கடபதி, தறிக்காரர் வீட்ல பொறந்த உமக்கு ஆட்டைப் பத்தி என்னய்யா தெரியும், தெரியாததைச் சொன்னா பிள்ளைக தூங்கத்தான செய்யும், ஆட்டுக் கதை சொல்றதுக்கு ஒரு ஞானம் வேணும்யான்னாரு. இம்புட்டுக் குறையை வச்சுக்கிட்டு எட்டு வருஷம் எப்படிய்யா ஓட்டினீருன்னாரு. அப்புறம் சார் என் முதுகுல தட்டி, உம்ம நேர்மையைப் பாராட்டுறேன், ஆனா இதை மறைக்க முடியாது பாரும்னு சொல்லி, அப்பவே செயலாளருக்கு அனுப்பிட்டாரு. பிள்ளைக கூட என்னை அனுப்பச் சொல்லியிருக்காது சுபா, நானே என் கையால எழுதிக் குடுத்துட்டேன்.

நாளைக்கு என்ன ஆனாலும் உங்கம்மாகிட்ட நான்தான் சொல்லணும், நீ முந்திக்காதே. பாஸ்போர்ட் பேச்சு எடுத்தா வெயில் தணியட்டும்னு மட்டும் சொல்லு. எனக்கு வேலை போறதை விடப் பெரிய கவலை, இந்த எட்டு வருஷமும் பிள்ளைக என்னைப் பொறுத்துக்கிட்டுத்தான் உக்காந்திருந்ததுகளாங்கிறது. வகுப்பு நல்லாப் போகுதுன்னு நினைச்சுக்கிட்டு வந்து உங்ககிட்டப் பெருமையடிச்சேனே, அதெல்லாம் என்னது? நீ சின்னப் பிள்ளையில வீட்ல நான் பாடம் சொல்லிக் குடுத்தா கொட்டாவி விடுவியே, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மத்தபடி ஊருல மழை இல்லை, நல்ல தண்ணி பத்து நாளைக்கு ஒருக்க வருது, உங்கம்மா முட்டிவலி தைலத்துல அடங்கியிருக்கு. உன் கல்யாணப் பந்தல்ல சண்டை போட்ட சுந்தராம்பாள் அத்தை இப்ப நம்ம வீட்டுக்கு வந்து காபி குடிச்சுட்டுப் போறாக, எதுக்குன்னு இன்னும் தெரியலை, தெரிஞ்சதும் சொல்றேன். கடையில நின்னுக்கிட்டே இருக்காதே, ஒரு ஸ்டூல் போட்டுக்கோ. மத்தவங்களுக்கு மாத்திரை எடுத்துக் குடுத்துட்டு உன் ரத்தச்சோகை மாத்திரையை மறந்துடாதே. மாப்பிள்ளைகிட்ட இந்தக் கடுதாசியைக் காட்டாதே, அவர் என்னை இன்னும் பேராசிரியர்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு. பாய்கிட்ட வத்தல் குடுத்து விட்டிருக்கேன், காக்கா விட்டுவச்சது. நீங்க ரெண்டு பேரும் நல்ல சாப்பாடும் நல்ல உறக்கமுமா, குறையில்லாம நீடூழி இருக்கணும்.

இது உன் கையில கிடைச்ச அன்னைக்கு, உங்க ஊர் நேரம் மதியத்துக்கு மேல ஒரு போன் போடு, என் குரலைக் கேட்டே உனக்குத் தெரிஞ்சிரும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பா. வேங்கடபதி.

பி.கு.: கவர் மடங்காம இருக்க உள்ள வைக்க ஒரு அட்டை தேடினேன். அந்தக் கட்டுக்கு அடியில ஒண்ணு இருந்துச்சு, உருவித் திருப்பினா ஸ்கெட்ச் பேனாவுல 2015–16னு எழுதியிருக்கு. தீபலட்சுமிக்குப் போன் போட்டுக் கேட்டேன், இந்த வருஷம் பிள்ளைக எல்லாரும் செல்லுலயே குத்தி அனுப்பிட்டாங்களாம், காகிதமே கிடையாதாம். நான் காலேஜ்ல சேர்ந்தது 2018 ஜூன். அதுக்கு முன்னால தமிழக வரலாறு நடத்தினவர் சுந்தரபாண்டி சார்.