சுங்கச் சந்தில் ஒரு சனிக்கிழமை

ஜூன் 3, செவ்வாய்

அக்கா வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்டி" என்று ஒரே பெட்டியோடு வந்தவள். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஒன்பது வருடமாக இந்த வீட்டில் நான் மட்டும். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரே குளியலறை. நாள் முழுக்க மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று "சாப்பாட்டுக்கு முன்னாடி, பின்னாடி" என்று நூறு பேருக்குச் சொல்லிவிட்டு வந்தால், வீட்டில் ஒரு வார்த்தை பேச வேண்டாம் என்றிருக்கும். அக்காவோ காலை ஐந்து மணிக்கு எழுந்து நாற்காலியை இழுக்கிறாள். சமையலறை டப்பாக்களை உயர வரிசைப்படி மாற்றிவிட்டாள். உப்பு எங்கே என்று என் வீட்டில் நான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

என் பல் பிரஷை வேறு டம்ளருக்கு மாற்றியிருக்கிறாள். இதற்கெல்லாம் ஒருத்தி கோபப்படுவாளா? பட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

அத்தான் கடைக்குப் போன் செய்தார். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. "அவ எடுக்க மாட்டேங்கிறா. நல்லா இருக்காளா? மாத்திர போடுறாளா?" சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் எப்போதும் அளந்து வைத்ததுபோல இருக்கும். இன்று கொஞ்சம் தடுமாறியது.

நான் சொல்லிவிட்டேன்: "ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு வாங்க அத்தான். அவ வீட்லதான் இருப்பா. நான் பாத்துக்கறேன்."

அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் கிளம்பி வேறெங்காவது போய்விடுவாள். முப்பத்தொரு வருடக் குடித்தனம், நேரில் பார்த்தால் சரியாகிவிடும். இது அவள் நல்லதுக்குத்தான்.

அவள் நல்லதுக்கா? என் குளியலறைக்கா?

ஜூன் 8, ஞாயிறு, விடியற்காலை

தூக்கம் வரவில்லை. நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நேற்று மாலை அக்கா திடீரென்று, "பழைய ஊருக்குள்ள ஒரு தெரு பூரா பார் இருக்காமே, போலாமா?" என்றாள். நான் தினமும் பஸ்ஸில் பழைய ஊரின் கோட்டைச்சுவரைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறேன். அந்தத் தெருவைக் காலையில்தான் பார்த்திருக்கிறேன். ரப்பர் குழாயால் கல்தரையைக் கழுவுவார்கள், காலி பாட்டில் கூடைகள் வாசலில் அடுக்கியிருக்கும். மாலையில் உள்ளே போனதே இல்லை. யாரோடு போவது?

ஆறரைக்குப் போனோம். வெளிச்சம் இருந்தது. கோட்டை வாசலில் பதினெட்டுப் படி இறங்கினால் சுங்கச் சந்து. இரண்டு பக்கமும் குனிந்து நுழைகிற வாசல்கள், நடுவில் ஒரு வண்டி போகிற அகலம், அதிலும் பாதியை மேசை நாற்காலி பிடித்துக்கொண்டிருக்கிறது. பழைய சுங்கக் கட்டடமே இப்போது பெரிய பார். உள்ளே ஆள் உயரத் தராசு ஒன்று இன்னும் தொங்குகிறது. நாங்கள் வாசலில், சுவரை ஒட்டின மேசையில் உட்கார்ந்தோம்.

பரிமாறுகிற பெண் கொண்டைக்குள் பென்சிலைச் செருகியிருந்தாள். "உங்களுக்கு என்னம்மா?" என்றாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் பழக்கதோஷத்தில், "அவங்களுக்கு எலுமிச்சை ஜூஸ்" என்று ஆரம்பித்தேன்.

"இரு," என்றாள் அக்கா. "நான் யோசிக்கிறேன்."

யோசித்தாள், யோசித்தாள், அந்தப் பெண் இரண்டு தடவை வந்து போகிற வரை யோசித்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "ஓட்டலுக்குப் போனா அவர்தான் சொல்லுவார். இவளுக்கு இது, எனக்கு அது. நல்லதாத்தான் சொல்லுவார். எனக்கு என்ன வேணும்னு நெனச்சுப் பாத்தா ஒண்ணுமே தோணல. பயமா இருக்குடி."

பீர் கேட்டாள். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். "உங்க கடை இருமல் மருந்தே தேவல." அடுத்து சிவப்பு வைன், அரை கிளாஸ். அதுவும் பிடிக்கவில்லை. பிடிக்காததில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "ரெண்டு தெரிஞ்சுபோச்சு பாரு" என்றாள். கடைசியில் இஞ்சி சோடாவில் நிலைத்தாள்.

அப்போதுதான் அந்த வேன் வந்தது. பீர் பீப்பாய் ஏற்றி வந்த வண்டி, சந்து மாறி நுழைந்துவிட்டது. முன்னால் படி, பின்னால் வளைவு, இரண்டு பக்கமும் ஆட்கள். டிரைவர் நடுத்தர வயசுக்காரர், சட்டை நனைந்திருந்தது. ரிவர்ஸ் எடுக்கப் பார்த்தார். பக்கக் கண்ணாடி சுவரில் கீறிய சத்தம். ஆளுக்கு ஒரு பக்கம் "ஒடி, ஒடி" என்று கத்தினார்கள். ஒருத்தர் போன் எடுத்துப் படம் பிடித்தார்.

அக்கா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். இருபத்தாறு வருடம் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்தவள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. "எல்லாரும் பேசாம இருங்க. ஒருத்தர் சொன்னாப் போதும்." சந்து அடங்கிவிட்டது. டிரைவரிடம் குனிந்து, "ஸ்டியரிங்க விடுங்க. மூச்சு விடுங்க மொதல்ல" என்றாள். அவர் கதவைத் திறந்தார். "நீங்களே எடுத்துடுங்கம்மா" என்று இறங்கிவிட்டார்.

ஏறினாள். நாற்காலிகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஜனங்கள் சுவரோடு சுவராக ஒட்டினார்கள். நாற்பது அடி இருக்கும். ஒரு கை ஜன்னலில், ஒரு கை ஸ்டியரிங்கில், திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு நூல் பிடித்ததுபோல எடுத்தாள். வளைவில் ஒரே ஒடி. வண்டி வெளியே நின்றது. சந்து முழுக்கக் கைதட்டியது. பார் முதலாளி ஓடி வந்து, "என்ன வேணும் கேளுங்க" என்றார். "இஞ்சி சோடா" என்றாள் அக்கா, ஒரு நொடி யோசிக்காமல்.

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. அத்தான் வீட்டுக் காரில் எப்போதும் அத்தான்தான் ஓட்டுவார். ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் பக்கத்து சீட்டில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாங்கள் யாரும் அதை ஒரு விஷயமாகவே பார்த்ததில்லை.

திரும்பும்போது கோட்டைப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, அத்தான் நாளைக்கு வர்றார். நான்தான் வரச் சொன்னேன்."

சிரிப்பு நின்றது. 

"எடம் பத்தலன்னா சொல்லியிருக்கலாமேடி. நான் போயிருப்பேன்ல."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. "இல்லக்கா, அப்படி இல்லக்கா" என்று இழுத்தேன். எப்படி இல்ல? அப்படித்தான்.

"எத்தன மணிக்கு?" என்றாள்.

"பத்துக்கு."

"சரி. வா, பஸ் வந்துடும்."

இப்போது ஐந்து மணி. நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கவில்லை. படுக்கையில் விழித்துக்கொண்டுதான் இருப்பாள் என்று தோன்றுகிறது. போய்ப் பார்க்க முகமில்லை.

அதே நாள், மாலை

அத்தான் ஒன்பது நாற்பதுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பை. அவளுடைய படிக்கிற கண்ணாடி, இரத்த அழுத்த மாத்திரை ஒரு மாதத்துக்கு, ஒவ்வொரு உறையிலும் 'காலை', 'இரவு' என்று அவருடைய சீரான கையெழுத்து. "கெளம்பு. வெயில் ஏறுறதுக்குள்ள போயிடலாம்."

"ஒக்காருங்க," என்றாள் அக்கா. "நான் வரல. கோவத்துல சொல்லல."

நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். இருந்தாலும் கேட்டது.

"நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"உங்க தப்ப லிஸ்ட் போட்டா ஒண்ணும் இருக்காது. அதான் முப்பத்தொரு வருஷமாப் போடல."

குழாயை மூடினேன். நான் வெளியே வந்தபோது இரண்டு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் என் பக்கம் திரும்பினார். "நீதான வரச் சொன்ன?"

"ஆமா அத்தான். அவகிட்டக் கேக்காமச் சொன்னேன். தப்புதான்."

போகும்போது படியில் நின்றார். என்னிடம் தாழ்ந்த குரலில், "ராத்திரி மாத்திரய மறந்துடுவா. கொஞ்சம் பாத்துக்க." எனக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள டிரைவிங் ஸ்கூலில் அக்காவைத் திங்கள் முதல் கற்றுக்கொடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 19, வியாழன்

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "இங்கயே இருந்துடுக்கா. எடம் இருக்கு." ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைவிட மோசமாகத்தான் வந்தது.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "கேட்டியே, அது போதும்டி" என்றாள். "அப்பா வீடு, அப்புறம் அவர் வீடு, இப்ப உன் வீடு. அம்பத்தேழு வயசாச்சு. ஒரு தடவ தனியா இருந்து பாத்துடறேன்."

கோபம் இல்லை அவளுக்கு. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூன் 30, திங்கள்

அக்கா போய்விட்டாள். நாலு தெரு தள்ளித்தான், ஒரு வாடகை அறை. வீடு பழையபடி அமைதியாக இருக்கிறது. இதைத்தானே கேட்டேன்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அக்கா அறைக்குப் போயிருந்தேன். மாடியில் ஒரே அறை, ஜன்னல் பெரிது. துவைத்த துணியைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து அவளுடைய மாணவர்கள் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வாரம் ஒரு பல் டாக்டராம், பிரேக்கைக் கண்டாலே பயமாம்.

வாசல் மணி அடித்தது.

"அவராத்தான் இருக்கும்," என்றாள். "போன வாரம் போன் பண்ணி, ஒரு நாள் வரட்டுமான்னு கேட்டார்."

நான் கதவைத் திறக்க எழுந்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். "ரெண்டு நிமிஷம் இருங்க," என்று கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

மீதித் துணியையும் போட்டு முடித்தாள். கிளிப் மாட்டினாள். ஈரக் கையைத் துடைத்து, கண்ணாடி முன்னால் நின்று முடியைச் சரிசெய்தாள். இரண்டு நிமிடம் இல்லை, ஐந்துக்கு மேலேயே இருக்கும்.

வெளியே அத்தான் ஒரு தடவை செருமினார். மறுபடி மணி அடிக்கவில்லை.