அசெனாதாவைப் பார்த்து வகுப்பு சிரித்த நாள்

மார்ச் 5, செவ்வாய்

மழை விடவில்லை. மைதானம் சேறு. பிள்ளைகளைக் கூடத்துக்குள்ளேயே குதிக்கவிட்டேன். என் வலது முழங்கால் மறுபடி வீங்கியிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்தே விசில் ஊதினேன்.

முதல்வர் மிசஸ் பிரசாத் வாசலில் நின்று சொன்னார்: "வியாழக்கிழமை பிள்ளைங்களுக்கு வேலை வழிகாட்டல் கூட்டம் வெச்சிருக்கேன், மகரீட்டா. உடற்பயிற்சி ஆசிரியர் வேலையப் பத்தி நீங்க பேசுங்க. ஊட்டச்சத்து வேலையப் பத்திப் பேச லவுட்டோகா ஆஸ்பத்திரியிலருந்து அசெனாதா வர்றாங்க."

அசெனாதா. சந்தையில் அவளைப் பார்த்தால் நான் மரவள்ளி வாங்காமலே அடுத்த வரிசைக்குப் போய்விடுவேன். பதினெட்டு வருஷமாக இப்படித்தான்.

மார்ச் 7, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

முதலில் நான் பேசினேன். நல்ல உடம்பு, வெளிக்காற்று, நீண்ட விடுமுறை. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

பிறகு அவள் எழுந்தாள். நிறையவே பருத்திருக்கிறாள். கூடையிலிருந்து சேப்பங்கிழங்கு, மீன் டின், நூடுல்ஸ் பாக்கெட் எல்லாம் எடுத்து மேசையில் வைத்தாள். "ஒரு மாமா வருவாரு. சர்க்கரை ஏறியிருக்கும். புஸ்தகத்துல இருக்கிற சாப்பாட்டச் சொன்னா தலையத் தலைய ஆட்டுவாரு, வீட்டுக்குப் போய் இதத்தான் சாப்பிடுவாரு. அதனால இந்த டின்லருந்துதான் பேச்ச ஆரம்பிக்கணும். அதுக்குப் பொறுமை வேணும், வேதியியலும் வேணும்." ஒருவரும் அசையவில்லை.

கலீசி கை தூக்கினாள். என் வகுப்பிலேயே கனமான பெண். ஓட்டத்தில் எப்போதும் கடைசி. ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை. "ரெண்டு வேலைல எது நல்லது?" என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டாள்.

அசெனாதா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்கவெச்சுப் பாரு, உனக்கே தெரியும்." சொன்னதோடு விட்டேனா? பக்கவாட்டில் திரும்பி வயிற்றை உள்ளே இழுத்துக் காட்டினேன்.

கூடமே சிரித்தது. அசெனாதா ஒரு நொடி கூடையைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள்.

பின்வரிசையில் ஒருவன், "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சீங்களாமே, மிஸ் ஏன் அந்தப் படிப்ப விட்டாங்க?" என்று கேட்டான். அசெனாதாதான் பதில் சொன்னாள்: "அவளுக்கு ஓடத்தான் பிடிக்கும். எனக்கு ஓட வராது, அதனால நான் உக்காந்து படிச்சேன்."

பொய். எனக்காகச் சொன்ன பொய். உயிர்வேதியியலில் நான் இரண்டு தடவை தோற்றேன். இரண்டாம் தடவைக்கு மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். உடற்பயிற்சிப் பக்கம் போனது என் விருப்பம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நினைத்திருந்தால் அங்கேயே என்னைக் கவிழ்த்திருக்கலாம்.

மார்ச் 8, வெள்ளி

எப்படிப் போச்சு என்று ஜோப் கேட்டார். நல்லாப் போச்சு என்றேன். கட்டின புருஷனிடமும் பொய்.

மார்ச் 12, செவ்வாய்

ஊட்டச்சத்துப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் பட்டியலில் கலீசியின் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. அவளே அடித்திருக்கிறாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் போய் இதச் சாப்பிடு, அதச் சாப்பிடாதேன்னு சொன்னா ஜனங்க சிரிப்பாங்க மிஸ்."

"யாரு சிரிப்பா?"

"அன்னிக்குச் சிரிச்சாங்களே."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தா நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பிச்சிருப்பேன். என்ன பண்ணிட்டேன் நான்? கொட்டாவி விட்ட பிள்ளைங்க என்னைத் திரும்பிப் பாக்கணும்னு — அதுக்காகவா?

மார்ச் 14, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நோயாளிகளோடு பெஞ்சில் ஒரு மணி நேரம். அவள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஒரு கிழவர் தான் சாப்பிட்டது எதையோ சொல்லாமல் மறைக்கிறார், அவள் அதட்டவில்லை. "பரவால்ல மாமா, அடுத்த வாரமும் வருவீங்கல்ல, அது போதும்" என்றாள்.

என் முறை வந்தது. மன்னிச்சிரு என்றேன்.

"என்னை என்ன சொன்னாலும் எனக்கென்னடி, பழகிப்போச்சு. கேள்வி கேட்ட அந்தப் பொண்ணு முகத்தப் பாத்தியா? இப்படிச் சிரிப்புக்குப் பயந்துதான் பாதிப் பேரு இந்தக் கதவுக்கே வர்றதில்ல. கால்ல புண்ணு அழுகின பிறகு வர்றாங்க."

அப்புறம் "அடுத்தவங்க காத்திருக்காங்க" என்று எழுந்தாள். டீ குடிக்கக் கூப்பிடவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

வகுப்பில் சொன்னேன். அசெனாதா படித்த படிப்பில் நான் இரண்டு முறை தோற்றேன், அவள் தேறினாள். எது நல்ல வேலை என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, பொறாமையில் அவளைக் கேலி செய்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவன், "இப்ப ஓடலாமா மிஸ்?" என்றான். ஓடினார்கள். கலீசி என்னைப் பார்க்காமலே ஓடினாள்.

மார்ச் 29, வெள்ளி

விண்ணப்பத்துக்கு இன்று கடைசி நாள். கலீசி போடவில்லை.

மே 21, செவ்வாய்

ஒன்றுமில்லை. முழங்கால்.

ஆகஸ்ட் 8, வியாழன்

போன வாரம் அசெனாதாவிடமிருந்து செய்தி: "நடக்க முடியாதவங்களுக்கு நாற்காலில உக்காந்தே செய்யற பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் வேணும். சம்பளம் கிடையாது. வர்றதா இருந்தா எட்டு மணிக்கு வா."

பள்ளி விடுமுறைதான்; ஏழரைக்கே போய்விட்டேன். வாசல் மேசையில் கலீசி. விடுமுறையில் வாரத்துக்கு இரண்டு நாள் உதவிக்கு வருகிறாளாம். அடுத்த வருஷம் விண்ணப்பிப்பாளா என்று கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை.

"உள்ள போறவங்க எல்லாரையும் எடை பாக்கணும் மிஸ். வேலைக்கு வர்றவங்களும்தான்."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். அவள் குனிந்து முள்ளைப் பார்த்தாள். எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. எழுதி, நோட்டை மூடி, "போங்க மிஸ், உங்களுக்காகக் காத்திருக்காங்க" என்றாள்.